பாட்டு ஊரெல்லாம் ஓடுகிறது, பாடலாசிரியருக்குக் காசு?

வணக்கம். நீங்கள் வரி எழுதிய, சினிமாவில் சேராத தனிப்பாடல் ரீல்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது, ஆனால் முதலில் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு பைசா வரவில்லை, உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். பகிர்வதைத் தடுக்கப் போராடாதீர்கள், வீண் வேலை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குக் காசும் வராது.

ஆனால் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசியவர். அதன்படி, உரிமையை வாங்கியவரோடு ராயல்டியைச் சரிபாதியாகப் பெறும் உரிமையைப் பாடலாசிரியர் விட்டுக்கொடுக்கவே முடியாது. ‘ராயல்டி கேட்கமாட்டேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. உரிமையை எத்தனை காலத்துக்குக் கொடுத்தீர்கள் என்று குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. பத்திரத்தை எடுத்து அதை முதலில் பாருங்கள்.

அப்புறம், பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கமான, மும்பையில் உள்ள ஐபிஆர்எஸ்ஸில் (IPRS) பாடலாசிரியராகச் சேருங்கள். வானொலி, மேடைக் கச்சேரி, ஹோட்டல், ஸ்ட்ரீமிங் ஆகியவற்றிலிருந்து வசூலித்துப் பிரித்துத் தருவது அவர்கள்தான். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். வரிக்கு எவ்வளவு, மெட்டுக்கு எவ்வளவு என்ற பங்கு உங்கள் பதிவிலும் இசையமைப்பாளர் பதிவிலும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நடுவில் நின்றுவிடும்.

இதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது, உள்ளதைச் சொல்கிறேன். விளம்பரப் பாட்டு, டப்பிங் படப் பாட்டு இரண்டிலும் கை வையுங்கள். அங்கே முன்பணம் வாங்காமல் பல்லவியைக்கூட அனுப்பாதீர்கள்.