வட்டார வழக்கும் ஸ்லாங்கும் உண்மையான மொழிதானா, இல்லை கெட்டுப்போன மொழியா?

மொழிதான். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பதிலுக்கு வந்து சேர எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என் சிவப்புப் பேனா எத்தனையோ நோட்டுகளைக் கீறிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒருமுறை மூன்றாம் வகுப்பில் மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன் பக்கம் நிறைய எழுதியிருந்தான். "மழ பேஞ்சுது. ஆடு மேஞ்சுகிட்டு இருந்துச்சு. நாங்க நனஞ்சுகிட்டே ஆட்ட ஓட்டிகிட்டு நடந்து வந்தோம். பாட்டி எங்களப் பாத்து சிரிச்சாங்க." ஏறக்குறைய எல்லாச் சொல்லையும் சுழித்து, மேலே திருத்தி எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே தலைப்பில் மறுபடி எழுதி வந்தான்: "மழை பெய்தது. மழை நமக்கு நல்லது. மழை வேண்டும்." மூன்றே வரி, ஒரு பிழை கிடையாது. நானும் 'நன்று' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த 'நன்று' இன்றைக்கும் உறுத்துகிறது. ஆடு போய்விட்டது, பாட்டி போய்விட்டாள், நனைந்துகொண்டே நடந்த வழி போய்விட்டது.

பின்னால் அந்த முதல் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். மேய்ந்து என்பது மேஞ்சு. நனைந்து என்பது நனஞ்சு. சிரித்தார்கள் என்பது சிரிச்சாங்க. ஆனால் 'நடந்து' அப்படியே 'நடந்து'தான். அவன் 'நடஞ்சு' என்று எழுதவில்லை. 'எடுத்தான்' என்பதை யாராவது 'எடுச்சான்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? முன்னால் இகரமோ, ஐகாரமோ, யகர ஒற்றோ வந்தால் 'ந்த' என்பது 'ஞ்ச' ஆகும், 'த்த' என்பது 'ச்ச' ஆகும். தெரிந்து தெரிஞ்சு, படித்தான் படிச்சான், தைத்தாள் தச்சா, தேய்த்து தேச்சு. முன்னால் அகரமோ உகரமோ இருந்தால் மாறாது. பறந்து, கடந்து, படுத்து, கொடுத்து எல்லாம் தகரத்தோடே நிற்கின்றன. 'பெய்தது' மட்டும் 'மேய்ந்தது' போன்ற சொற்களின் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு 'பேஞ்சுது' ஆகிவிட்டது. இந்த விதியை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரும்படி எனக்கும் அப்போது தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை ஒலியியல் விதி ஒன்றைத் தப்பில்லாமல் கையாண்டிருக்கிறான், நான் அதைப் பிழை என்று சுழித்திருக்கிறேன்.

இந்த மாற்றம் நேற்றைக்கு முளைத்ததும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் 'அஞ்செழுத்துமே' என்றுதான் பாடினார். ஐந்து அஞ்சு ஆனதும், மேய்ந்து மேஞ்சு ஆனதும் ஒரே தடத்தில் நடந்த மாற்றம். தேவாரத்தில் வந்தால் பக்தியோடு பாடுகிறோம், பையன் நோட்டில் வந்தால் கொச்சை என்கிறோம்.

"இலக்கணம் என்ன ஆவது?" என்று பதறுகிறவர்களிடம் நான் இலக்கண நூல்களையே எடுத்துக் காட்டுகிறேன். தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும்' என்று இரண்டையும் முதலாக வைக்கிறது. மக்கள் வாயில் வழங்குவது அங்கே முதலில் நிற்கிறது. சொல்லதிகாரம் செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுக்கிறது. திசைச்சொல் என்றால் வேற்று நிலத்தில் வழங்கும் சொல். அதைப் பாட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், பேச்சில் திரிந்து நிலைத்துவிட்ட சொல்லான மரூஉவுக்கும் குழூஉக்குறிக்கும் வழக்கில் இடம் தருகிறது. குழூஉக்குறிக்குப் பாடப்புத்தகத்தில் வரும் உதாரணம் நினைவிருக்கும்: பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல் அது. ஸ்லாங் பிறக்கும் இடமும் அதுதானே? ஸ்லாங்குக்கு நம் இலக்கணத்தில் எழுநூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பெயரும் ஓர் இடமும் இருக்கின்றன.

ஸ்லாங்கை 'அர்த்தமில்லாத உளறல்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஒரே ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள்: சலிப்பூட்டும் பேச்சு. ஒரு தலைமுறை அதை 'அறுவை' என்றது. 'அறுக்குறான்டா' என்று அலுத்துக்கொண்டது. அடுத்து 'பிளேடு போடுறான்' வந்தது. அதற்கும் அடுத்து 'மொக்கை'. மொக்கை என்றால் முனை மழுங்கியது. அறுத்தார்கள், பிளேடு மாற்றினார்கள், கடைசியில் அந்தக் கத்தியும் மழுங்கிவிட்டது! யாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அறுப்பது என்ற ஓர் உருவகத்தைப் பேசுகிறவர்களே விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதைக் கவிஞன் செய்தால் கற்பனை என்போம்.

ஸ்லாங் சீக்கிரம் செத்துவிடுகிறது என்பது உண்மை. அதனால் அது மொழியில்லை என்று ஆகாது. சில ஸ்லாங் சொற்கள் பெண்களையோ, ஒரு சாதியையோ, உடல் குறையையோ இழிவு செய்கின்றன. அவற்றை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. அதே இழிவைச் சுத்தமான செந்தமிழில் சொன்னாலும் அனுமதிக்க மாட்டேன்.

வட்டார வழக்கு, பொதுத்தமிழ் தேய்ந்து கிடைத்த மிச்சம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. பல இடங்களில் கதை நேர் எதிர். தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்தைச் சொல்கிறது. நாம் எழுதும் தமிழில் 'உ' போயே போய்விட்டது. யாழ்ப்பாணத் தமிழில் அது உயிரோடு இருக்கிறது. அவன், இவன் மட்டுமில்லாமல் உவன். அது, இது மட்டுமில்லாமல் உது. 'உங்கள் பக்கத்தில் இருக்கிறதே, அது' என்று நாம் நீட்டிச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள்.

கொங்குத் தமிழின் 'ங்க'வை எடுத்துக்கொள்ளுங்கள். "நாய் ஓடிப்போச்சுங்க" என்றால் மரியாதை நாய்க்கு இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. வாக்கியத்துக்குள் வராத ஒருவருக்கு வினைமுற்றின் வாலில் மரியாதை செய்ய எழுத்துத் தமிழில் வழியே இல்லை. தனியாக 'ஐயா' என்றோ 'அம்மா' என்றோ சேர்க்கத்தான் வேண்டும். அதிலும் வரம்பு உண்டு. 'சரிங்க' வரும், 'சரிடா' வரும், 'சரிடாங்க' வரவே வராது. தப்பாகப் பேச முடிகிறது என்றால் அங்கே விதி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மற்ற மொழிகளிலும் இதே கதைதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் 'ஹி பி வொர்க்கிங்' என்றால் அவன் வழக்கமாக வேலை செய்கிறவன் என்று பொருள். 'பி' இல்லாமல் 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான். இரண்டும் வேறு வேறு. இலக்கணம் தெரியாத பேச்சு என்று பள்ளிகள் அதைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, 1960-களிலிருந்தே வில்லியம் லபோவ் போன்ற மொழியியலாளர்கள் அதன் விதிகளை எழுதிக் காட்டினார்கள். 1997-இல் அமெரிக்க மொழியியல் சங்கம், எல்லா இயற்கை மொழிகளையும் போல அதுவும் ஒழுங்கும் விதியும் உடையது என்று தீர்மானமே போட்டது. நார்வே நாடாளுமன்றம், கூடியவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே தொடக்கப் பள்ளிப் பாடம் நடக்கவேண்டும் என்று 1878-லேயே முடிவெடுத்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆட்டுக்காரப் பையன் முகம்தான் வந்தது.

அப்படியானால் எழுத்துத் தமிழ் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். நெடுந்தொலைவில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் படித்துப் புரிந்துகொள்ள ஒரு பொது நடை தேவை. தேர்வும் வேலையும் அதில்தான் நடக்கின்றன. அதைச் சொல்லித்தராமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். ஆனால் அதைச் சொல்லித்தர, வீட்டில் கற்றுக்கொண்ட பேச்சைத் தப்பு என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை. 'தப்பு' என்ற சொல்லை நான் எழுத்துப் பிழைக்கும் கருத்துப் பிழைக்கும் ஒதுக்கிவைத்துவிட்டேன். 'பேஞ்சுது' இருந்தால் பக்கத்தில் 'எழுதும்போது: பெய்தது' என்று பென்சிலால் குறிக்கிறேன், அவ்வளவுதான். உரையாடலுக்குள் வந்தால் தொடுவதே இல்லை.

இப்போதெல்லாம் பலகையில் இரண்டு வரிசை எழுதுகிறேன். ஒருபக்கம் மழை, தலை, மலை, இலை. இன்னொரு பக்கம் பிள்ளைகள் பேசுகிறபடி மழ, தல, மல, எல. "என்ன விதின்னு கண்டுபிடிங்க" என்று விட்டுவிடுவேன். கடைசியில் வரும் ஐகாரம் அகரம் ஆகிறது என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். போன மாதம் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப கை மட்டும் ஏன் டீச்சர் 'க' ஆகல?" என்று கேட்டாள். பின் வரிசையிலிருந்து ஒருவன் "பையும் ஆகல, மையும் ஆகல" என்று கத்தினான். ஓரெழுத்துச் சொற்களைத் தேடி வகுப்பே நோட்டைத் திறந்தது.