எல்லோரும் பைத்தான் பக்கம் போகும்போது, ஒரு மாணவர் ஜாவாவையும் ஓப்பன் சோர்ஸையும் (யாரும் படித்து மாற்றும்படி கோடைத் திறந்து வைப்பது) பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நானும் மாணவன்தான், பைத்தானும் எழுதுகிறேன், அதன் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் கெட்டு உட்கார்ந்து படிப்பது ஜாவா கோடைத்தான். வேலைவாய்ப்புக் கணக்கைப் பேச இங்கே நிறையப் பேர் வருவார்கள், நான் பிடித்த காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில், வகுப்பில் வரும் ஜாவாவை வைத்து ஜாவாவை எடை போடாதீர்கள். விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை, நாய் குரைக்கும், பூனை கத்தும், அதோடு இன்ஹெரிட்டன்ஸ் முடிந்தது. ஒரு வரி அச்சிடுவதற்கு 'பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்' என்று முழுசாக ஒப்பிக்க வேண்டும். 2025-இல் வந்த ஜாவா 25-இல் அந்தச் சடங்கே கட்டாயம் இல்லை, பாடப்புத்தகத்துக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

எனக்கு ஜாவா பிடித்துப்போனது அதன் உள்ளே பார்க்க ஆரம்பித்த பிறகுதான். இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் என்று கோட் எழுதும் மென்பொருள் எதில் வேண்டுமானாலும் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஹேஷ்மேப் (ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் கிளாஸ்) என்ற பெயரைக் கிளிக் செய்யுங்கள், அதை எழுதியவர்களின் கோட் அப்படியே திறக்கும். தேர்வில் "ஹேஷ்மேப் எப்படி இயங்குகிறது" என்று கேட்டால் பக்கெட் (மதிப்புகளைப் பிரித்துப் போடும் அறை), லிங்க்டு லிஸ்ட் (ஒன்றோடு ஒன்று கோத்த பட்டியல்) என்று எழுதிவிட்டு வருவோம் இல்லையா? உள்ளே போனால் கதை வேறு. ஒரே பக்கெட்டில் எட்டுக்கு மேல் சேர்ந்தால், மொத்த டேபிளும் போதிய அளவு பெரிதாக இருக்கும் பட்சத்தில், அந்த லிஸ்ட் ஒரு ட்ரீயாக (கிளை கிளையாகப் பிரியும் அமைப்பாக) மாறுகிறது. ஏன் எட்டு? அதற்குக் கோடுக்குள்ளேயே நீளமாக கமென்ட் எழுதி வைத்திருக்கிறார்கள்: ட்ரீ நோட் சாதாரண நோடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், அதனால் தேவைப்பட்டால் மட்டும்தான் மாற வேண்டும், ஹேஷ் (எந்தப் பக்கெட் என்று தீர்மானிக்கும் எண்) நன்றாகப் பரவியிருந்தால் ஒரு பக்கெட்டில் எட்டு சேருவதற்கான வாய்ப்பு 0.00000006. பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கின் அட்டவணையே அங்கே இருக்கிறது. கணக்கு வகுப்பில் எதற்கென்று தெரியாமல் படித்த பாய்சான் நான் தினமும் பயன்படுத்தும் கிளாஸுக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, இந்த ட்ரீ யோசனை எப்போது வந்தது, எதற்கு வந்தது? ஜாவா 8-இல் (2014) வந்தது, ஒரே பக்கெட்டில் நிறையச் சேர்ந்தாலும் தேடல் மெதுவாகாமல் இருப்பதற்காக. ஜேஇபி என்று ஒன்று இருக்கிறது, ஜாவாவில் பெரிய மாற்றம் எதுவானாலும் அதற்கு ஒரு முன்மொழிவு எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு எண் 180. நோக்கம் என்ன, என்ன ஆபத்து, வேறு எந்த வழிகளை யோசித்துக் கைவிட்டார்கள் என்று எல்லாம் அந்த முன்மொழிவுகளில் இருக்கும். கைவிட்ட வழிகளைச் சொல்லும் பகுதியை மட்டும் விடாமல் படியுங்கள். முடிவுகளைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எதை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது வகுப்பில் கிடைக்கவே கிடைக்காது.

இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே இப்படித் திறந்து கிடக்கவில்லை. ஜாவா 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிடமிருந்து வந்தது. அதை ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் திறந்துவிடுவதாக அவர்கள் அறிவித்தது 2006 நவம்பரில், அடுத்த ஆண்டு பெரும்பகுதி ஓப்பன்ஜேடிகே என்று வெளியே வந்தது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோதும் கோட் வெளியிலேயே இருந்தது. இன்று ஆரக்கிளோடு ரெட் ஹாட், எஸ்ஏபி, அமேசான், மைக்ரோசாஃப்ட் என்று சந்தையில் மோதிக்கொள்பவர்கள் எல்லாம் அதே கோடில் கை வைக்கிறார்கள்.

கோட் திறந்திருப்பதால் பெரியவர்களின் பிழைகளையும் பார்க்கலாம். பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுப்போம், முதலாம் ஆண்டு பாடம். ஜாவா நூலகத்திலும் அப்படித்தான் இருந்தது. அர்ரேயில் ஏறக்குறைய 107 கோடி உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டல் இன்ட் என்ற முழு எண் வகையின் எல்லையைத் தாண்டி மைனஸில் போய்விடும். சுமார் ஒன்பது ஆண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்த பிழை. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாக விளக்கி எழுதினார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் செய்ததைப் படித்த பிறகு, என் கோடை நாலு பேர் பார்ப்பதில் எனக்கிருந்த கூச்சம் பாதி போய்விட்டது.

மீதிக் கூச்சம் போனது முதல் புல் ரிக்வெஸ்டில் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புராஜெக்டுக்கு அனுப்பும் கோரிக்கை). ஒரு சின்ன லைப்ரரி, மதிப்புக்குப் பதில் 'நல்' (null, அதாவது ஒன்றுமில்லை) வந்தால் எழும் பிழைச் செய்தி குழப்பமாக இருந்தது, மாற்றம் சில வரிகள்தான். பராமரிப்பவர் கேட்ட முதல் கேள்வி: "இதற்கு டெஸ்ட் எங்கே?" எழுதினேன். அப்புறம் பெயர் சரியில்லை என்றார், பழைய வெர்ஷன் பயன்படுத்துபவர்களுக்கு இது என்ன செய்யும் என்றார். முகம் தெரியாத ஒருவர் தன் சொந்த நேரத்தில் என் சில வரிகளை இவ்வளவு அக்கறையாகப் படித்தாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கல்லூரியில் என் புரோகிராமை யாரும் அப்படிப் படித்ததில்லை, அவுட்புட் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி.

அந்தச் சொந்த நேரம் என்பதை மறக்காதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது உலகம் முழுக்க நிறுவனங்கள் அலறின. அதை அடைக்க ராப்பகலாக உட்கார்ந்தது ஒரு சின்னத் தன்னார்வலர் குழு. அப்படிப்பட்டவர்களின் நேரத்தை, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு கமாவை மாற்றிவிட்டு "நானும் பங்களிப்பாளர்" என்று சொல்லத் தின்னாதீர்கள். 2020-இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு விழாவில் டி-ஷர்ட்டுக்காகக் குப்பை புல் ரிக்வெஸ்ட்கள் குவிந்து, விருப்பப்பட்ட புராஜெக்ட்கள் மட்டும் சேரட்டும் என்று நடுவில் விதியையே மாற்ற வேண்டி வந்தது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், நேராக ஓப்பன்ஜேடிகேவுக்குப் போக வேண்டாம், அங்கே ஆரக்கிளின் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதிலிருந்து வேலை தொடங்கும். ஜாப்ரெஃப் (JabRef, மேற்கோள் நூல்களை நிர்வகிப்பது), செக்-ஸ்டைல் (Checkstyle, ஜாவா கோடின் நடையைச் சோதிப்பது) மாதிரி புதியவர்களை வரவேற்றுப் பழகிய புராஜெக்ட் ஒன்றை எடுங்கள். பக் தேடுவதற்கு முன்னால் அது உங்கள் கணினியில் பில்ட் ஆகி டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறதா பாருங்கள், அதற்கே ஒரு சாயங்காலம் போகலாம். கூடவே நூலகக் கோடைப் படிக்க நினைத்தால் அர்ரேலிஸ்ட்டில் தொடங்கி ஹேஷ்மேப்புக்கு வாருங்கள். கன்கரன்ட்ஹேஷ்மேப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எனக்கே அது இன்னும் பாதிதான் விளங்கியிருக்கிறது.