பழைய புடவை, புதுத் தையல், நடுவில் நாலு பேர்

பழைய துணியும் பழைய சாமானும் வாங்கி, தைத்தும் தேய்த்தும் வீட்டுக்கு ஆக்கிக்கொள்கிறவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்கள் இவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். மாமியார் பற்றிய பகுதிகளை மொத்தமாக எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஆன்லைனில் பழைய காஞ்சிபுரம் பட்டுப் புடவை ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். மகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தால், ஊசி போன இடமெல்லாம் கிழிகிறது என்று டெய்லர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "குறை எதுவும் இல்லை" என்று செய்தி அனுப்பி விற்றவர், இப்போது "பழசுன்னா அப்படித்தான்" என்கிறார். (கும்பகோணம்)

பதில்: பழசென்றால் அப்படித்தான் என்பது புளுகு. ஐம்பது வருடப் பட்டு கல் மாதிரி இருப்பதும் உண்டு, பதினைந்து வருடப் பட்டு பொடிந்துபோவதும் உண்டு. எப்படி வைத்திருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மடிப்பை மாற்றாமல் பீரோவில் வருடக்கணக்கில் கிடந்தால் மடிப்பு வரியில் இழை முறிந்துவிடும். மேலே பளபளப்பு மட்டும் அப்படியே இருக்கும். போட்டோவில் தெரிவது அந்தப் பளபளப்புதான்.

புடவையை ஒற்றையாக விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மடிப்பு வரியில் ஊசிக்கண் மாதிரி வெளிச்சம் வந்தால் அந்த வரி போயிற்று. அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து, நீளவாட்டில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை மெதுவாக இழுங்கள். நல்ல பட்டு எதிர்த்து நிற்கும். செத்த பட்டு காகிதம் மாதிரி விண்டுபோகும். ஆன்லைனில் வாங்குவதென்றால் இந்த இரண்டையும் செய்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாம்பழ நிறத்தில் ஒரு பழைய பட்டு வாங்கி, ஆசையாக ரவிக்கை தைத்து, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கக் குனிந்தேன். முதுகில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போய்விட்டது. சாம்பார் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் இதைத் தொழிலாகச் செய்கிறவர் என்றால், "குறை எதுவும் இல்லை" என்று அவர் எழுதிய செய்தியை அழிக்காதீர்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதுவரை, போடாவிட்டால் 30 நாள் வரை நீங்கள் கேட்கலாம். முதலில் அவருக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

டெய்லர் கத்தரி வைத்துவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. வெட்டாத புடவை என்றால் வாதாடுவது சுலபம்.

கேள்வி: பழைய காட்டன் புடவையைக் குர்த்தா தைப்பதற்கு முன் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்குமா? (நாமக்கல்)

பதில்: நிற்காது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ஒட்டினால் அதை வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். வினிகரை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று மூட்டையாக 12 கிலோ பனியன் துணி வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் பாதி ஓட்டை, மீதியில் எண்ணெய்க் கறை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். (சேலம்)

பதில்: மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சேலம் வரை தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது ஒரு வகை, தரச் சோதனையில் ஒதுக்கியது இன்னொரு வகை. பின்னதை அங்கே செகண்ட்ஸ் என்றே சொல்லித்தான் விற்பார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். எது வேண்டும் என்று கேட்டீர்களா? அடியில் கைவிட்டு நாலு பீஸ் உருவிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஓட்டைத் துணியை ஒன்றரை அங்குல நாடாவாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டு கயிறு மாதிரி ஆகும். மிதியடி பின்னலாம். 12 கிலோவில் பாதி என்றால் தெருவுக்கே மிதியடி கொடுக்கலாம்.

(நானும் ஒரு தடவை கிலோ கணக்கில் ஜீன்ஸ் வாங்கினேன். அத்தனையும் இடுப்பு 28. சும்மா சொல்கிறேன்.)

கேள்வி: தெருவில் "பழைய பட்டுப் புடவை வாங்குறது" என்று கூவி வந்தவரிடம் என் அம்மா, பாட்டியின் மூன்று புடவைகளை 1,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். "சரிகை கறுத்துப்போச்சு, காசு தேறாது" என்றாராம். அதில் ஒன்றில் குஷன் உறை தைக்கலாம் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். அது வெள்ளிச் சரிகை என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. (திருநெல்வேலி)

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், தப்பு அவர் மேல் இல்லை. இந்த வியாபாரமே அம்மாக்களை நம்பி நடப்பது. மத்தியானம் இரண்டு மணிக்கு, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம், கொஞ்சம் நீளமாகப் போகும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. பழைய நல்ல சரிகையில் எடையில் பாதிக்கு மேலேயே வெள்ளிதான். நெசவாளர்கள் சரிகையை மார்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம். அகலப் பார்டரும் கனத்த முந்தியும் உள்ள ஒரு கல்யாணப் புடவையில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவர்கள் புடவையை உடுத்த வாங்குவதில்லை. எரித்துச் சாம்பலாக்கி, உருக்கி, வெள்ளியைப் பிரித்து எடுக்கிறார்கள். "கறுத்துப்போச்சு" என்பது இந்தத் தொழிலின் பழைய வசனம். வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுக்காதா? அதற்காக அதை 50 ரூபாய்க்குக் கொடுப்போமா? கறுப்பதே உள்ளே உலோகம் இருக்கிறது என்பதால்தான். பிளாஸ்டிக் சரிகை கறுக்காது.

அவர்கள் விலை சொல்லும் விதத்தையும் பாருங்கள். புடவைக்கு இவ்வளவு என்பார்கள், எடைக்கு இவ்வளவு என்று வாயே திறக்க மாட்டார்கள். தராசு எடுத்தாலும் அதில் அரசு முத்திரை இருக்காது. மூன்றில் ஒன்றுதான் தேறும், மற்ற இரண்டைச் சும்மா எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். அந்த இரண்டில்தான் சரக்கு இருக்கும்.

இனிமேல் யார் வந்தாலும் உள்பக்கத்துச் சரிகை இழை ஒன்றை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைக் கம்பிக்கு அடியில் சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். கம்பியே செம்பு நிறமாக இருந்தால் செம்புச் சரிகை. நாடா மாதிரி உரிந்து, நெருப்பில் காட்டியதும் உருண்டுகொண்டால் அது வெறும் பிளாஸ்டிக். அசல் என்று தெரிந்தால் வாசலில் பேசாதீர்கள். சரிகை வாங்கும் கடைகளில் மூன்றில் விசாரித்து, எடைக்கு என்ன விலை என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

அதற்கும் முன்னால், அதை விற்கத்தான் வேண்டுமா? உடல் நைந்துபோனாலும் பார்டர் பெரும்பாலும் நிற்கும். ஒரு புடவையில் ஐந்தரை மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 11 மீட்டர் பார்டர். பிரித்தெடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். திரைச்சீலை ஓரத்துக்கு வைக்கலாம். ஆறு குஷனுக்குப் போதும், கொலு மேடை விரிப்புக்கும் மிஞ்சும்.

என் அம்மாவும் அரக்கு நிறப் புடவை ஒன்றைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கினார். அதன் அடி இரண்டு வருடத்தில் ஓட்டை. அந்தப் புடவையை இப்போதும் சில நாள் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அம்மாவிடம் கொஞ்ச நாளைக்கு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய சோபா 500 ரூபாய்க்கு வருகிறது. உறை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். தையல் மடிப்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. (தாம்பரம்)

பதில்: மூட்டைப்பூச்சி. அவர் 500 ரூபாய் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கனடாவில் பழைய உடுப்புக் கடையொன்றில் நல்ல கம்பளி ஸ்வெற்றர் வாங்கினேன். சுடுதண்ணியில் மெஷினில் போட, சுருங்கி பிள்ளையின் பொம்மைக்குத்தான் அளவாக வருகுது. எறியிறதோ? (ஸ்கார்பரோ)

பதில்: எறியாதீர்கள்! வெந்நீரும் அலசலும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிக்கொள்ளும். அது திரும்ப விரியாது. ஆனால் இறுகியதை எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் அடிக்க வேண்டாம். இதற்கென்றே வேண்டுமென்று சுருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னல் கண்ணே தெரியாமல் போயிருக்கும், கனமாகப் பஞ்சு அட்டை மாதிரி இருக்கும். இரட்டையாக வைத்துத் தைத்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி. பாலியெஸ்டர் மாதிரி கம்பளி உருகிக் கையில் ஒட்டாது. கைமுனையை அப்படியே வெட்டிக் குழந்தைக்குக் கையுறை ஆக்கலாம்.

அடுத்த தடவை லேபிளைப் படியுங்கள். மெஷினில் போடலாம் என்று பக்குவப்படுத்திய கம்பளி இப்படி இறுகாது.

கேள்வி: பழைய புடவை 300 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் அனார்கலி தைக்க டெய்லர் அக்கா 1,400 கேட்கிறார். துணியை விடக் கூலி அதிகமாக இருக்கலாமா? (கோவை)

பதில்: இருக்கலாம். புதுத் துணியை விரித்து வெட்டுவதற்கும் பழைய புடவையை வெட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஃபால்ஸைப் பிரிக்க வேண்டும், கறையும் இழை விட்ட இடமும் தவிர்த்து பீஸ் எடுக்க வேண்டும், பார்டர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும், முழுக்க லைனிங் கொடுக்க வேண்டும். பட்டென்றால் மெல்லிய 11 நம்பர் ஊசி மாட்டி மெதுவாக ஓட்ட வேண்டும். லைனிங் அவருடையதா உங்களுடையதா என்று மட்டும் கேளுங்கள். பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: "பழைய புடவைகளில் கையால் செய்தது" என்று ஒரு பொட்டிக்கில் குஷன் உறை நாலு வாங்கினேன், ஒன்று 950 ரூபாய். அதே ஒட்டுத் துணி, அதே இடத்தில் அதே பூ, இன்னொரு ஊரிலும் பார்த்தேன். (புதுச்சேரி)

பதில்: அது ஒட்டுத் துணியே இல்லை, ஒட்டுத் துணி மாதிரி அச்சடித்தது. பழைய புடவைகளை வெட்டித் தைத்தால் ஒன்று மாதிரி இன்னொன்று வராது, வரவே முடியாது. உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தையல் ஓரம் இருக்க வேண்டும். உள் தையலிலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்துங்கள். மயிர் கருகும் வாசனையோடு கையில் பொடியும் சாம்பல் வந்தால் பட்டு. காகித வாசனை வந்தால் பருத்தி. கறுப்பு மணியாக உருண்டு இறுகினால் பாலியெஸ்டர். உங்களுக்கு மணிதான் வரும் என்று நினைக்கிறேன்.

பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பில்லில் அல்லது அட்டையில் "பழைய புடவை" என்று இருந்தால் அது பொய் வாசகம், பணம் திரும்பக் கேட்க முழு உரிமை உண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டுவார்கள். போர்டைப் படித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய ஜன்னல் சட்டம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடி பதித்துக் கூடத்தில் மாட்ட ஆசை. என்ன பார்க்க வேண்டும்? (மதுரை)

பதில்: படுக்கப் போட்டு முஷ்டியால் தட்டுங்கள். மைதா மாதிரி புதுப் பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. பின்பக்கம் பாருங்கள், முன்பக்கத்து வார்னிஷைப் பார்க்காதீர்கள். நான் தேக்கு என்று வாங்கிய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உட்காரும் பலகைக்கு அடியில் பிளைவுட், ஒரு பக்கம் பழப்பெட்டி அச்சு.

முக்கியமானது பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டாய வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பச்சை, மஞ்சள் பூச்சில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூக்குக்குப் போகும். ஈரம் பண்ணித் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். உதிராத பூச்சு என்றால் தேய்க்கவே வேண்டாம், மேலே வார்னிஷ் அடித்து அப்படியே மாட்டுங்கள். அந்தப் பழுப்பு அழகுக்குத்தானே காசு கொடுக்கிறீர்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய வேட்டிகள் எட்டு இருக்கின்றன. தைக்க முடியாத அளவுக்கு நைந்துவிட்டன. தூளி கட்டலாமா? வேறு என்ன வாங்கிச் சேர்த்தால் ஏதாவது செய்யலாம்? (தஞ்சாவூர்)

பதில்: தூளி கூடாது, பிள்ளையோடு கிழியும். எதுவும் வாங்கவும் வேண்டாம். ஒன்றைக் கிழித்து விளக்குத் திரி திரியுங்கள். மற்றவற்றைச் சித்திரை வெயில் வரை வைத்திருங்கள். மொட்டை மாடியில் விரித்து வடாம் பிழிய நைந்த வேட்டியை விட நல்ல துணி கிடையாது. காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு உரித்தால், வடாம் உடையாமல் வரும்.