மறுமணம் செய்தால் குடும்ப ஓய்வூதியம் நிற்குமே, பதிவு செய்யாமல் இருந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, தஞ்சாவூர். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த என் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் மாதம் 24,000 ரூபாய் வருகிறது. வங்கியில் 18 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அதன் வட்டியை எடுப்பதில்லை. என் பெயரில் ஒரு வீடு உண்டு. ஒரே மகன், கோவையில் வேலை. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்ற 67 வயதுக்காரரும் நானும் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறோம். மனைவியை இழந்தவர். இரண்டு மகள்கள், சொந்த வீடு, பென்ஷன் 45,000. "ரிஜிஸ்டர் பண்ணினால்தான் பென்ஷன் நிற்கும். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு சேர்ந்து இருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசிக்கவில்லை.

முதலில், மாலை மாற்றிக்கொள்வது வெறும் சடங்கு இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, இந்துக்கள் இருவர் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலே சட்டப்படி திருமணம்தான். சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த திருத்தம் அது. பதிவு என்பது நடந்த திருமணத்துக்கு அத்தாட்சி, அவ்வளவே. அதுவும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கே கட்டாயம். ஆக மாலை மாற்றிய அன்றே உங்கள் குடும்ப ஓய்வூதிய உரிமை முடிகிறது. அதன் பிறகும் வருடா வருடம் கருவூல நேர்காணலில் "மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று கையெழுத்துப் போட்டால், அது பொய்ச் சான்று. தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. நாளை அவருக்கு ஏதாவது ஆனால், ரயில்வேயிடம் "நான் அவர் மனைவி" என்று நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கருவூலத்தில் நீங்களே வருடந்தோறும் போட்ட கையெழுத்து உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். இரண்டு பென்ஷனும் கைவிட்டுப் போகும். எழுபதைத் தாண்டிய வயதில் அந்த நிலை உங்களுக்கு வரவே கூடாது.

இனி கணக்கைப் பார்ப்போம். ரயில்வே குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், முழு ஓய்வூதியம் 50 சதவீதம். அதாவது அவர் வாங்குவதில் ஐந்தில் மூன்று பங்கு, 45,000-க்குச் சுமார் 27,000. அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கு வருவது இப்போது வருவதைவிடக் கூடுதல். குறைவது அவர் உயிரோடு இருக்கும் காலத்தில் மட்டுமே: மாதம் 24,000, வருடத்துக்கு 2,88,000.

சிறிய தொகை இல்லை. "அதான் அவர் பென்ஷன் இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்பது வருடமாக மாதம் பிறந்தால் உங்கள் கணக்கில் உங்கள் பணம் விழுந்திருக்கிறது. பேத்திக்குக் கொலுசு வாங்க யாரிடமும் கேட்டதில்லை. அந்தச் சுதந்திரம் திருமணத்துக்குப் பின்னும் அப்படியே இருக்க வேண்டும். 18 லட்சத்தை, டெபாசிட் முதிரும் தேதி பார்த்து, அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உங்கள் பெயரில் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 36,900 வரும், மாதத்துக்கு 12,300. மீதிக்கு அவர் பென்ஷன் கணக்கிலிருந்து மாதம் 12,000 உங்கள் தனிக் கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கட்டும். இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம். அவருக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது 24,000. அவர் தருவது அதில் பாதி.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால் என்ன என்று கேட்கலாம். அது உங்கள் விருப்பம். மறுமணம் இல்லாதவரை ஓய்வூதியம் தொடரும், ஆனால் அவருக்குப் பின் ரயில்வே பென்ஷனும் வீட்டில் பங்கும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பிள்ளைகளுக்கு உண்மையில் பயம் வீடுகளைப் பற்றித்தான் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் உயில் எழுதாமல் போனால் அவர் வீட்டில் உங்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் உயில் எழுதாமல் போனால் உங்கள் வீடு மகனுக்கும் புதுக் கணவருக்கும் சரிபாதி. இதை உங்கள் மகன் யோசித்திருக்க மாட்டார். ஆகவே இருவருமே உயில் எழுத வேண்டும். உங்கள் வீடு மகனுக்கு. அவர் வீடு மகள்களுக்கு, ஆனால் உங்கள் ஆயுள் உள்ளவரை நீங்கள் அதில் குடியிருக்கும் உரிமையோடு. அவர் ஏற்கெனவே மகள்கள் பெயருக்கு உயில் எழுதியிருந்தால், மறுமணம் செய்ததால் இந்துக்களின் உயில் ரத்தாகாது. அவர் புதிதாக எழுதினால்தான் உங்களுக்கு இடம்.

இந்த ஆயுட்கால உரிமையை நீங்களாக வெள்ளைத்தாளில் எழுதிவிடாதீர்கள். ஜீவனாம்சத்துக்கு ஈடாக மனைவிக்குக் கொடுத்த ஆயுட்கால உரிமை முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் தீர்ப்பானது. வாசகம் சரியில்லை என்றால் அவருடைய மகள்கள் உங்களோடு கோர்ட்டில் நிற்க நேரும். நல்ல வழக்கறிஞரை வைத்து எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்யுங்கள். உயிலைப் பதிவது கட்டாயமில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் பதிவதே நல்லது. வங்கிகளில் நாமினி பெயரையும் மாற்றுங்கள். நாமினி பணத்தை வாங்கும் பொறுப்பாளர்தான், வாரிசு அல்ல.

தேதி குறிக்கும் முன் உங்கள் மகனையும் அவர் மகள்கள் இருவரையும் உட்காரவைத்து இரண்டு உயில்களையும் படித்துக் காட்டுங்கள். திருமணச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே கருவூலத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். அதே வாரம் அவர் ரயில்வேக்கு விண்ணப்பித்து, ஓய்வூதியப் புத்தகத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கட்டும். சேர்த்ததற்கான நகல் ஒன்று உங்கள் பீரோவில் இருக்க வேண்டும்.