வாசகர் கேள்வி–பதில்: ஊதா நிறம் ஏன் மறையவில்லை?

கேள்வி: இலைச் சாற்றின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத்திறனை அறிய, 1 மி.லி. சாறுடன் 3 மி.லி. டிபிபிஎச் (ஊதா நிறப் பொருள்; அந்தத் திறனுள்ள சாறு பட்டால் வெளுத்து மஞ்சளாகும்) கரைசல் சேர்த்து, அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கிறேன். சாறே இல்லாமல் வெறும் மெத்தனால் விட்ட குழாயும் 25 சதவீதம் தடுப்புத்திறன் காட்டுகிறது. டிபிபிஎச் கெட்டுவிட்டதா?
– முதுகலை மாணவி

பதில்: டிபிபிஎச் மேல் பழி போடாதீர்கள். பாட்டிலில் இருக்கும் கரைசலை அப்படியே குவெட்டில் (அளக்கும் சிறு குழாய்) ஊற்றி அளந்து, அதைக் கண்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான குழாய்) என்று வைத்திருக்கிறீர்கள். 3 மி.லி. கரைசலில் 1 மி.லி. வேறு எதைச் சேர்த்தாலும் அதன் செறிவு முக்கால் பங்காகிவிடும். ஒளி உறிஞ்சல் 1.10 காட்டியது 0.83 அளவுக்கு இறங்கும். நீங்கள் பார்த்த 25 சதவீதம் முழுக்க இந்த நீர்ப்புதான். 3 மி.லி. டிபிபிஎச்சுடன் 1 மி.லி. மெத்தனால் சேர்த்ததுதான் கண்ட்ரோல். சாறு வேறு கரைப்பானில் இருந்தால் கண்ட்ரோலிலும் அதே கரைப்பான், அதே அளவு.

இன்னொரு குழாயும் வேண்டும்: 1 மி.லி. சாறு, 3 மி.லி. மெத்தனால், டிபிபிஎச் கிடையாது. இதுதான் மாதிரி பிளாங்க். சிவப்பு, ஊதா இலைகளிலும் பூக்களிலும் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி 520 நானோமீட்டரை ஒட்டியே ஒளியை உறிஞ்சும். பிளாங்க்கைக் கழிக்காவிட்டால் நல்ல சாறுகூட மட்டமாகத் தெரியும், சில நேரம் மைனஸ் சதவீதமே வரும். கணக்கு இதுதான்: மாதிரி அளவிலிருந்து பிளாங்க்கைக் கழியுங்கள், அந்த விடையைக் கண்ட்ரோலிலிருந்து கழித்து, கண்ட்ரோலால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள்.

அட்டவணையில் எந்தச் செறிவை எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் கொண்ட சாறு, குழாயில் கலந்தபின் 25தான். பலர் 100 என்றே எழுதிவிடுகிறார்கள். ஐசி50 (டிபிபிஎச்சில் பாதியை வெளுக்க வைக்கும் சாற்றின் செறிவு) நான்கு மடங்கு தப்பாவது இப்படித்தான்.

கேள்வி: 200 முதல் 1000 மைக்ரோகிராம் வரை எந்தச் செறிவிலும் 91, 92 சதவீதம்தான் வருகிறது. ஐசி50 எப்படிப் போடுவது?
– ஆய்வு மாணவர்

பதில்: இந்த எண்களை வைத்துப் போட முடியாது. முதல் குழாயிலேயே டிபிபிஎச் தீர்ந்துவிட்டது. அதற்குமேல் சாறு ஊற்றி என்ன பயன்? மிச்சமிருக்கும் 8, 9 சதவீதம் பெரும்பாலும் வினைக்குப் பின் எஞ்சும் மஞ்சள் பொருளின் நிறமும் சாற்றின் நிறமும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் 3 மி.லி.யில் 0.3 மைக்ரோமோல் இருக்கிறது. ஓர் அஸ்கார்பிக் அமில (வைட்டமின் சி) மூலக்கூறு இரண்டு டிபிபிஎச்சை முடிக்கும். ஆக 0.15 மைக்ரோமோல், அதாவது சுமார் 26 மைக்ரோகிராம் வைட்டமின் சி மொத்தத்தையும் வெளுக்க வைத்துவிடும். பாதிக்கு 13 போதும். வீரியமான சாறு என்றால் இதற்குப் பக்கத்தில் தொடங்கி, இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் நாலைந்து புள்ளிகள் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் வரைபடம்.

டிபிபிஎச்சை எடை போடுவதிலும் சிக்கல் உண்டு. 100 மி.லி.க்கு 3.94 மி.கி. வேண்டும், தராசு 0.1 மி.கி. தள்ளாடினாலே இரண்டரை சதவீதம் போச்சு. 39.4 மி.கி. எடுத்து 100 மி.லி.யில் கரைத்து, பின் பத்து மடங்கு நீர்த்துக்கொள்வது மேல். அன்றன்றைக்குக் கரைத்து, பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றிவையுங்கள்.

கேள்வி: இலையை வெயிலில் காயவைக்கலாமா? எந்தக் கரைப்பான் நல்லது? சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தூள் வழியே இறக்கும் கருவி) வேகமாக முடியுமே?

பதில்: வெயில் வேண்டாம். நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காற்றாட விடுங்கள், அல்லது 40 டிகிரியில் உலர்த்தும் அடுப்பில் வையுங்கள். குவித்துப் போட்டால் இலை வாடி உள்ளேயே புழுங்கும்; பாலிபினால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கிவிடும். இலை பழுப்பானால் நீங்கள் தேடும் பினால்கள் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள்கள்) அங்கேயே செலவாகிவிட்டன என்று பொருள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும், காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். அரைக்கும்போது மிக்சியைப் பத்து விநாடி ஓட்டி, ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். ரவைப் பதம் போதும்.

பொதுவான பினால்களுக்கு 70 சதவீத எத்தனால் நம்பகமானது. தண்ணீர் கொஞ்சம் இருந்தால்தான் தூள் உப்பி, சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள் (ஒரு வகைப் பினால்கள்) வெளியே வரும். 10 கிராம் தூளுக்கு 100 மி.லி.; அறை வெப்பத்தில் ஷேக்கரில் 24 மணி நேரம்; வடித்து, சக்கைக்குப் புதுக் கரைப்பான் ஊற்றி இன்னொரு முறை. எண்ணெய்ச்சத்துள்ள விதை என்றால் முதலில் ஹெக்சேனில் கொழுப்பை எடுத்துவிடுங்கள்.

சாக்ஸ்லெட்டில் தூள் இருக்கும் இடம் ஓரளவு சூடுதான். ஆனால் இறங்கிய சாறு கீழ்க்குடுவையில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். கொழுப்பெடுக்க அது சரி. சூடு தாங்காத பொருளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ரோட்டரி எவாப்பரேட்டரில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) 40 டிகிரிக்குமேல் போக வேண்டாம். எத்தனால் முதலில் போய்விடும், கடைசியில் தண்ணீர் மட்டும் நிற்கும். சபோனின் (சோப்புபோல நுரைக்கும் பொருள்) உள்ள இலை என்றால் அந்தக் கட்டத்தில்தான் நுரை பொங்கி, ஆவியைக் குளிர்விக்கும் கண்டன்சர் வரை ஏறும். குடுவையைப் பாதிக்குக் கீழேயே நிரப்பி, வெற்றிடத்தை மெல்லக் கூட்டுங்கள். மிஞ்சும் தண்ணீரை உறைநிலை உலர்த்தியில் எடுத்துவிடலாம்.

கேள்வி: நீர்ச் சாறு சேர்த்ததும் டிபிபிஎச் கலங்கிவிடுகிறது.

பதில்: டிபிபிஎச் தண்ணீரில் கரையாது. கலவையில் நீரின் பங்கு ஏறினால் வெளியே படிந்துவிடும். நீர்ச் சாற்றைக் குறைந்த அளவில் சேருங்கள். முடியாவிட்டால் ஏபிடிஎஸ் என்ற வேறொரு நிறப்பொருளைக் கொண்டு அளக்கும் முறைக்கு மாறுங்கள். அது நீரிலும் எத்தனாலிலும் நடக்கும். 734 நானோமீட்டரில் அளப்பதால் இலை நிறத்தின் தொல்லையும் குறைவு.

கேள்வி: ஃபோலின் சோதனையில் (மொத்தப் பினாலை நீல நிறத்தால் அளப்பது) பினால் அளவு ஏராளம், டிபிபிஎச்சில் மந்தம். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை அளப்பது வேறு வேறு. ஃபோலின் கரைசல் பினாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், புரதத்திலுள்ள டைரோசின் எல்லாமே நீலம் கொடுக்கும். டேனின் என்ற பெரிய பினால் மூலக்கூறுகளோ டிபிபிஎச்சின் நடுவிலுள்ள நைட்ரஜனை எளிதில் நெருங்க முடியாமல் மெதுவாக வினைபுரியும். 30 நிமிடத்தோடு நிறுத்தாமல் 60, 120 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். ஒளி உறிஞ்சல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம்.

கேள்வி: ஐசி50 வைட்டமின் சியைவிடக் குறைவாக வந்தால் மருந்து என்று எழுதலாமா?

பதில்: கூடாது. குழாயில் மெத்தனாலுக்குள் நடந்ததை உடம்புக்குள் கொண்டுபோக முடியாது. உணவுகளின் ஓராக் (குழாயில் அளந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத்திறன்) மதிப்புப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் தளத்திலிருந்து நீக்கியதும் இதனால்தான்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இல்லை.

பதில்: சிலிகா டிஎல்சி தட்டில் (சாற்றின் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லிய பூச்சுத் தட்டு) சாற்றை ஓட்டிக் காயவைத்து, 0.2 சதவீத டிபிபிஎச்சை மெத்தனாலில் கரைத்துப் ஆய்வகத்தில் ஆவியை வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்) தெளியுங்கள். ஊதாத் தட்டில் மஞ்சள் புள்ளிகள் தெரியும் இடத்தில் வேலை செய்யும் பொருள் இருக்கிறது. ஊதா மங்குவதற்குள் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள்.