எலி கடித்த கிரைண்டர் வயர்: டேப் சுற்றினால் போதாது

தேவனாம்பட்டினத்தில் வீடு, கிரைண்டர் வயரை எலி கடித்து செம்பு தெரிகிறது, டேப் சுற்றி ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மாவும் தண்ணீரும் சிந்துகிற இடம், ஈரத்தில் டேப் பசை விட்டுவிடும். வயரையே முழுசாக மாற்றுங்கள்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடிமூடியைக் கழற்ற வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே உருளையாக இருக்கும் கெப்பாசிட்டரின் முனைகளில் கை படக்கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி) வயர் வாங்குங்கள். பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். உங்கள் உயிரைக் காப்பது இந்த எர்த்தான். அது பாடியில் சேரும் ஸ்க்ரூ கடல் காற்றில் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

அப்புறம் மல்டிமீட்டரை (மின் இணைப்பைச் சோதிக்கும் கருவி) பீப் சத்தத்தில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னையும் பாடியையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வர வேண்டும். சின்னப் பின்கள் இரண்டுக்கும் பாடிக்கும் இடையில் வரவே கூடாது. வந்தால் ஓட்டாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.