தெர்மோகப்பிளிலிருந்து கன்ட்ரோல் ரூம் வரை எந்தக் கேபிள் போடுவது?

கேள்வி: "எங்கள் உலையில் பன்னிரண்டு கே டைப் தெர்மோகப்பிள்கள் இருக்கின்றன. கன்ட்ரோல் ரூம் 150 மீட்டர் தள்ளி. காம்பன்சேட்டிங் கேபிள் விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நல்ல ஷீல்டு போட்ட காப்பர் சிக்னல் கேபிள் போதாதா?"

போதாது. விலையைப் பார்த்து இந்த இடத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

தெர்மோகப்பிள் என்பது சூட்டை அளக்க நுனியில் இணைத்த இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள்; கே டைப் அதில் ஒரு வகை. அதன் நுனியில்தான் மின்னழுத்தம் உண்டாகிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பி நெடுக, எங்கெல்லாம் இடத்துக்கு இடம் சூடு மாறுகிறதோ அங்கெல்லாம் உண்டாகிறது. ஆக, உலையில் சொருகியிருக்கும் குழாயோடு தெர்மோகப்பிள் முடிந்துவிடுவதில்லை. கன்ட்ரோல் ரூமில் சிக்னலைப் படிக்கும் கார்டின் டெர்மினல் வரை போகிற கேபிளும் அதன் உடம்புதான். கார்டு தன் டெர்மினல் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று அளந்து அதைக் கூட்டிக்கொள்ளும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஹெட் (குழாயின் வெளி முனையில் கேபிள் இணையும் இடம்) 70 டிகிரியிலும் டெர்மினல் 26 டிகிரியிலும் இருந்து, நடுவில் காப்பர் ஓடினால், அந்த 44 டிகிரி யார் கணக்கிலும் வராது. உலை 900-இல் இருக்கும்போது திரையில் சுமார் 856 தெரியும்.

இதை நான் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் நேரில் அனுபவித்தேன். ப்ரீஹீட்டரில், அதாவது சுண்ணாம்புக்கல் மாவைக் கில்னுக்குள் (சுடும் உலை) போகும் முன் சூடாக்கும் கோபுரத்தில், கடைசி சைக்ளோன் 860 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மே மாதம். மதியத்தில் திரை 825 காட்டும், ஆபரேட்டர் நிலக்கரியைக் கூட்டுவார். விடியற்காலையில் அதே தெர்மோகப்பிள் ஏறக்குறைய சரியாகக் காட்டும். எலிமென்டை இரண்டு தடவை மாற்றினோம். கார்டில் சேனலையும் மாற்றினோம். அதற்குள் சைக்ளோனில் மாவு ஒட்டி அடைத்து, ஒரு நாள் முழுக்கக் கில்ன் நின்றது. பழைய ஆபரேட்டர் ஒருவர்தான், "தம்பி, வெயில் ஏற ஏற இது இறங்குது, பாரு" என்றார்.

மேலே ஏறி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடம். மூடியில் கை வைக்க முடியவில்லை. உள்ளே டெர்மினல் 62 டிகிரி. கன்ட்ரோல் ரூமுக்குப் போகும் ஜோடியைச் சீவிப் பார்த்தால், இரண்டு கம்பியும் செம்பு நிறம். பழைய ஜோடி அறுந்ததும், பக்கத்தில் ஓடிய ஸ்பேர் காப்பர் ஜோடியில் யாரோ அவசரத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். 62-இல் கன்ட்ரோல் ரூம் டெர்மினலின் 26 போனால் 36. மதியம் குறைந்தது அவ்வளவுதான். விடியற்காலையில் பெட்டி 40-க்கு இறங்கிவிடும், பிழை 14.

சரி, எதை வாங்குவது? கே டைப்புக்கு இரண்டு வழி. தெர்மோகப்பிளில் இருக்கும் அதே உலோகங்களில் செய்தது கேஎக்ஸ் என்னும் எக்ஸ்டென்ஷன் கேபிள். வேறு மலிவான உலோகங்களில், குறைந்த சூட்டு எல்லைக்குள் மட்டும் அதே மின்னழுத்தம் தருகிற மாதிரி செய்தது காம்பன்சேட்டிங் கேபிள். அதில் கேசிபி என்பது செம்பும் கான்ஸ்டன்டனும்; இணைப்பு 100 டிகிரிக்குள் இருந்தால்தான் நம்பலாம். உலைச் சுவரை ஒட்டிய ஹெட் எளிதாக 100 தாண்டும். அதனால் என் யோசனை: ஹெட்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் வரை டெஃப்லான் அல்லது கண்ணாடி இழை உறை போட்ட கேஎக்ஸ். பெட்டியைச் சூடு படாத இடத்தில் வையுங்கள். அங்கிருந்து கன்ட்ரோல் ரூம் வரை கேசிபி மல்டிபேர் (ஒரே உறையில் பல ஜோடி) போதும், செலவு நன்றாகக் குறையும். பெட்டிக்குள் இருக்கும் சாதாரண பித்தளை டெர்மினல் பற்றிக் கவலை வேண்டாம். அதன் இரண்டு முனையும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை வராது.

கம்பி தடிமனுக்கு 1.5 சதுர மி.மீ. கேளுங்கள். கேஎக்ஸில் 0.5 எடுத்தால் 150 மீட்டர் போய்வர 300 ஓம் ஆகும், 1.5-இல் 100 ஓம்தான். சில கார்டுகள் தெர்மோகப்பிள் அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சின்ன மின்னோட்டம் அனுப்பும். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றாலும் 300 ஓமில் 300 மைக்ரோவோல்ட். கே டைப் டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது, ஆக ஏழு டிகிரி போச்சு. இவ்வளவு சின்ன சிக்னல் என்பதால் ஜோடிக்கு ஜோடி முறுக்கி ஷீல்டு போட்டதாக இருக்கட்டும். மோட்டார் கேபிள் ஓடும் டிரேயில் சேர்த்துப் போடவே போடாதீர்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள்.

நிறத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐஇசி என்னும் சர்வதேச முறையில் கே டைப் பச்சை, வெள்ளை நெகட்டிவ். அமெரிக்க முறையில் கேபிள் மஞ்சள், சிவப்பு நெகட்டிவ். சிவப்பென்றால் பிளஸ் என்று பழகிய கை அதை மாற்றிக் கட்டிவிடும். ஒரு முனையில் மட்டும் மாறினால் உலை சூடாகச் சூடாகத் திரை இறங்கும், உடனே பிடித்துவிடலாம். இரண்டு முனையிலும் மாறினால் ரீடிங் சரியான பக்கம்தான் ஏறும், ஆனால் பிழை இரட்டிப்பாகும். 44 டிகிரி தப்பு 88 ஆகும். காப்பர் போட்டதை விட மோசம். கேஎக்ஸ் என்றால் சின்னக் காந்தம் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டுவது நெகட்டிவ். கேசிபியில் செம்பு நிறக் கம்பி பாசிட்டிவ், வெள்ளிபோல் இருப்பது நெகட்டிவ்.

ஹெட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து சிக்னலை 4-20 மில்லி ஆம்பியராக மாற்றினால் சாதாரண காப்பர் போதும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், தூரம் அதிகமானால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் 85 டிகிரி வரைதான் தாங்கும். உலை ஹெட்டில் வைக்காமல், குளிர்ந்த இடத்தில் பெட்டியில் வைத்து, அதுவரை கேஎக்ஸ் இழுங்கள்.

கேபிள் சுருள் வந்ததும் ஸ்டோருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு முனையைச் சீவி, இரண்டு கம்பியையும் முறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் விடுங்கள். மறு முனையில் மில்லிவோல்ட் மீட்டர் வையுங்கள். அறை 30 டிகிரி என்றால் 2.9 மில்லிவோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 2.4, 2.5 என்று வந்தால் அந்தச் சுருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.